வில்பத்து: காடு பக்கத்தில், வாசல் மறுபக்கத்தில்

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் வில்பத்து வன்னிக்கு அயல்வீடு போலத்தான் தெரியும். மன்னார் மாவட்டத்தின் தென்பகுதியில் ஓடும் மோதரகம ஆறே அந்தத் தேசியப் பூங்காவின் வடக்கு எல்லை. முசலிப் பக்கத்தவர்களுக்கு ஆற்றுக்கு அக்கரையில் இருப்பது அந்தக் காடுதான். ஆனால் பயணிகள் பெரும்பாலும் உள்ளே நுழையும் பிரதான வாசல் ஹுனுவிலகமவில், காட்டின் தென்கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து புறப்படும் எங்களைப் போன்றவர்கள் ஏ-9 வீதியால் வவுனியா, மதவாச்சி என்று இறங்கி, அநுராதபுரத்தையும் நொச்சியாகமவையும் கடந்து, புத்தளம் வீதியில் திம்பிரிவெவச் சந்தியில் வலப்பக்கம் திரும்பி, மேலும் எட்டுக் கிலோமீற்றர் அளவு உள்ளே போனால்தான் அந்த வாசலைக் காணலாம். மொத்தத்தில் ஏறத்தாழ 170 கிலோமீற்றர். பக்கத்துக் காட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு எங்கே தங்குவது என்ற கேள்வியே ஏன் எழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டு முதல் முறை புறப்பட்டவன் நான். பிறகு மூன்று முறை போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வகையான இடத்தில் தங்கினோம். அவற்றுள் இரண்டு, எங்கள் கவனக்குறைவால் வீணாகிய பயணங்கள்.

முதலாவது 2023 யூன் மாதத் தொடக்கத்தில், பொசன் விடுமுறையில். வாகனங்களுக்கு வாராந்த எரிபொருள் ஒதுக்கீடு இருந்த காலம் அது. அயல்வீட்டாரின் வானுக்கு டீசல் சேர்த்து வைப்பதிலேயே என் கவனம் முழுவதும் இருந்தபடியால் தங்குமிடத்தைப் பற்றிப் பெரிதாக யோசிக்கவில்லை. அநுராதபுரம் பெரிய நகரம், அங்கே அறைகளுக்கா பஞ்சம் என்ற எண்ணத்தில் ஒரு விருந்தினர் விடுதிக்குத் தொலைபேசியில் சொல்லி வைத்ததோடு நிறுத்திக்கொண்டேன், முற்பணம் கட்டவில்லை. பொசன் என்பது மகிந்த தேரர் மிகிந்தலைக்கு வந்ததை நினைவுகூரும் பௌர்ணமி. அந்த வாரத்தில் தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் யாத்திரிகர்கள் மிகிந்தலையிலும் அநுராதபுரத்திலும் வந்து குவிவார்கள் என்பதும், வீதியோரமெங்கும் அன்னதானப் பந்தல்கள் எழும்புவதால் வாகனங்கள் ஊர்ந்துதான் போக வேண்டியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியாத செய்திகள் அல்ல. வெசாக்கையும் பொசனையும் நாட்காட்டியில் விடுமுறை நாட்களாக மட்டுமே பார்த்துப் பழகியதன் விளைவு, இரவு எட்டு மணிக்கு விடுதி வாசலில் நின்றபோது எங்கள் அறையில் வேறொரு குடும்பம் இருந்தது. வேறு அறை எங்கும் கிடைக்கவில்லை. வந்த வழியே வவுனியாவுக்குத் திரும்பி, மாமி ஒருவருடைய வீட்டுக் கதவை நடுச்சாமத்தில் தட்டினோம். மாமி கோபிக்காமல் பாய் விரித்துத் தந்தார். விடிய எழும்ப எவருக்கும் உடம்பு இடம் கொடுக்கவில்லை.

பூங்கா காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடப்படும். நாங்கள் நெரிசலுக்குள் ஊர்ந்துபோய், ஜீப் பேசி, நுழைவுச்சீட்டு எடுத்து உள்ளே நுழைந்தபோது நேரம் ஒன்பதைத் தாண்டிவிட்டது. வில்பத்து இலங்கையின் ஆகப் பெரிய தேசியப் பூங்கா. பரப்பு 1,317 சதுரக் கிலோமீற்றர் வரை வரும். விலங்குகளைப் பார்க்க வாய்ப்புள்ள வில்லுகள், அதாவது மழைநீர் தேங்கும் இயற்கைப் பள்ளங்கள், வாசலை ஒட்டி இல்லை. அடர்ந்த காட்டுக்குள்ளே செம்மண் பாதையில் நெடுநேரம் குலுங்கிப் போனால்தான் முதல் வெளியைக் காணலாம். ஒன்பது மணிக்கு நுழைந்தவர்கள் அங்கே போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கியிருக்கும், கரடியும் சிறுத்தையும் நிழல் தேடிப் போயிருக்கும். மான்களும் மயில்களும் தூசியும்தான் எங்களுக்குக் கிடைத்தன. அன்று காலை ஆறரைக்கே பாதையோரம் ஒரு கரடி நின்றதாக ஜீப் ஓட்டுநர் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா கேட்டார்: “காட்டைப் பாக்கக் காசு குடுத்துப் போய் மயிலையே பாத்திட்டு வந்தனியள்? மயில் எங்கட வளவுக்கையே நிக்குதே.”

அநுராதபுரத்தில் தங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. பொசன் போன்ற நாட்களைத் தவிர்த்துக்கொண்டால் அது பல குடும்பங்களுக்குப் பொருத்தமான இடம். அறைகள் எல்லா விலைகளிலும் கிடைக்கும், மருத்துவமனை அருகில் இருக்கும், இரவு எந்தப் பொருள் தேவைப்பட்டாலும் கடை உண்டு, புகைவண்டியிலோ பேருந்திலோ வருபவர்கள் இறங்கிய இடத்திலேயே தங்கலாம், மறுநாள் புனித நகரையும் பார்த்துவிட்டு வரலாம். அதற்குக் கொடுக்க வேண்டிய விலை, வாசலுக்கு இடையில் உள்ள ஏறத்தாழ 40 கிலோமீற்றர். ஆறு மணிக்கு வாசலில் நிற்க விரும்பினால் ஐந்து மணிக்கு முன்பே, இருட்டில், யானைகள் குறுக்கிடக்கூடிய வீதியில் புறப்பட்டாக வேண்டும். கைக்குழந்தையை நாலு மணிக்கு எழுப்ப விரும்பாதவர்கள் காலைச் சவாரியை விட்டுவிட்டுப் பிற்பகல் இரண்டு மணியளவில் உள்ளே போய் மாலை வரை இருப்பது நல்லது. மாலை வெளிச்சம் சாயும்போது வில்லுக் கரைகளில் மீண்டும் நடமாட்டம் தொடங்கும்.

அந்த ஆண்டு செப்டெம்பர் இறுதியில் மீலாத் விடுமுறையும் போயா விடுமுறையும் அடுத்தடுத்து வந்தன. எரிபொருள் ஒதுக்கீடும் நீக்கப்பட்டிருந்தது. இந்த முறை நான் மிகவும் கவனமாக இருப்பதாக நினைத்தேன். இணையத்தில் தேடி, பெயரிலேயே வில்பத்து என்ற சொல் இருந்த ஒரு தங்குமிடத்தைத் தெரிவுசெய்து, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினேன். படங்களில் நீச்சல் தடாகமும் கூடாரங்களும் அழகாக இருந்தன. ஜீப்பை வேறொருவர் மூலம் ஒழுங்குசெய்து, காலை ஐந்தே முக்காலுக்கு ஹுனுவிலகம வாசலில் நிற்கச் சொன்னேன். முதல் நாள் மாலை தொலைபேசி காட்டிய வழியே போகப் போக வீதி புத்தளத்தை நோக்கியே நீண்டுகொண்டிருந்தது. என் மனைவி, “இஞ்சருங்கோ, இது கடற்கரைப் பக்கம் எல்லோ போகுது” என்று சொன்ன பிறகுதான் எனக்கும் பொறி தட்டியது. நாங்கள் பணம் கட்டிய இடம் எலுவன்குளத்துப் பக்கத்தில் இருந்தது. வில்பத்துக்கு அங்கேயும் ஒரு வாசல் உண்டு, புத்தளத்திலிருந்து வருபவர்களுக்கு அதுவே வசதி. ஆனால் எங்கள் ஜீப் காத்திருக்கப்போவது மற்ற வாசலில். இரண்டுக்கும் இடையே புத்தளத்தைச் சுற்றிப் போகும் வீதியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும்.

தங்குமிடத்தார் மீது குற்றம் இல்லை. அவர்கள் முகவரியைச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். நான் படத்தைப் பார்த்த அளவுக்கு முகவரியைப் பார்க்கவில்லை. இப்போது எவராவது என்னிடம் கேட்டால், இந்த விடுதி பூங்காவிலிருந்து எவ்வளவு தூரம் என்று விசாரிக்காதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். பூங்காவின் வேலிக்கு நூறு மீற்றரில் இருந்தாலும் வாசல் ஐம்பது கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கலாம். எந்த வாசலுக்கு, வீதிவழியே, அதிகாலையில் எத்தனை நிமிடம் என்று கேட்க வேண்டும். விடுதிக்காரர் மூலமே ஜீப்பையும் ஒழுங்குசெய்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. சற்றுக் கூடுதலாகக் கேட்பார்கள், ஆனால் ஜீப் நீங்கள் தூங்கும் வீட்டின் படலைக்கே வரும். எலுவன்குளத்தைத் தெரிவுசெய்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: அந்தப் பக்கம் கலா ஓயாவைக் கடக்கும் தாழ்வான பாலம் மாரி காலத்தில் வெள்ளத்தில் மூழ்கிவிடுவதுண்டு.

2024 யூலையில் அம்மாவும் எங்களோடு வந்தார். ஹுனுவிலகம வாசலுக்குப் பத்து நிமிடத் தொலைவில், ஒரு சிங்களக் குடும்பம் தங்கள் வளவுக்குள் மூன்று அறைகளைக் கட்டி நடத்தும் இடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை போய் இறங்கினோம். குளிரூட்டி இல்லை, மின்விசிறியும் நுளம்பு வலையும் இருந்தன. கட்டிலில் கிடந்தபடியே மயில் அகவுவதைக் கேட்கலாம். வெள்ளிக்கிழமையானபடியால் அம்மா மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவார். அதை நான் தொலைபேசியில் சொல்லியும் இருந்தேன். ஆனால் அந்தப் பகுதிச் சமையலில் மாசி மீன் போட்ட பருப்பும் சம்பலும்கூட மரக்கறிக் கணக்கில்தான் சேரும் என்பதை மேசையில் வைத்த பிறகே கண்டுகொண்டோம். அலுவலகத்தில் சிங்களம் பழகிய என் மனைவி குசினிக்குள் போய், “உம்பலகட தாண்ட எப்பா” என்று சொல்லிக்கொடுத்து, அம்மாவுக்கு மாசி இல்லாத சம்பலை வேறாக இடிப்பித்து எடுத்து வந்தார். விரதக்காரர்களோடு போகிறவர்கள் இந்த மூன்று சொற்களையும் மனப்பாடம் செய்து வைத்திருப்பது நல்லது. மரக்கறி என்று பொதுவாகச் சொல்வது போதாது. காலைச் சாப்பாட்டைப் பொதியாகக் கட்டித் தருவார்களா என்பதையும் முதல் நாள் இரவே பேசி முடித்துவிட வேண்டும். முழுநாள் சவாரியில் இறங்கி இருந்து சாப்பிட அனுமதியுள்ள இடங்கள் மிகச் சில. பெரும்பாலான ஜீப்புகள் அதற்காக அவற்றுள் ஒன்றில்தான் நிறுத்துவார்கள். வேறெங்கும் வாகனத்தை விட்டு இறங்க முடியாதென்பதால், முதியவர்களை அழைத்துப் போவோர் மலசலகூடத்துக்கும் அந்த நிறுத்தத்தையே கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும்.

மறுநாள் ஐந்தரைக்கு ஜீப் வந்தது, ஆறு மணிக்கு நாங்கள் வரிசையின் முன்னால் நின்றோம். பாலைப்பழக் காலம் முடிவதற்குச் சற்று முன்னைய நாட்கள் அவை. எங்கள் ஊரில் உதடு ஒட்ட ஒட்டத் தின்னும் அதே பழத்துக்காக அங்கே கரடிகள் மரம் ஏறும். உள்ளே போய் அரை மணி நேரம் ஆவதற்குள் ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திக் கையை நீட்டினார். பாதையோரப் பாலை மரத்தின் கவரில் கறுப்பாக ஒரு கரடி உட்கார்ந்து, கிளையை வளைத்து வளைத்துப் பழத்தை வாயால் உருவிக்கொண்டிருந்தது. முன்பு காட்டில் பழம் பொறுக்கப் போனபோது கரடிச் சத்தம் கேட்டுத் தலைதெறிக்க ஓடி வந்த கதையை எத்தனையோ முறை சொன்ன அம்மா, அன்று தன் முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் மூன்று ஜீப்புகள் மட்டுமே வந்து நின்றன. எட்டு மணிக்குமேல் அந்த வழியால் வந்தவர்கள் வெறும் மரத்தைத்தான் பார்த்திருப்பார்கள். அந்த விடுதியில் நாங்கள் கொடுத்த பணம், செப்டெம்பரில் கட்டியதன் பாதியும் வராது. காட்டைப் பார்க்கப் போகிறவர் விடுதியில் விழித்திருக்கும் நேரம் மிகக் குறைவு. நீச்சல் தடாகத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு அதிகாலை ஐந்து மணிக்கு அதைக் கடந்து போவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. பிள்ளைகளைக் கேட்டால் வேறு தீர்ப்புச் சொல்வார்கள்.

நான்காவது பயணம் 2025 ஓகஸ்டில். நல்லூர்த் திருவிழாவுக்காகக் கனடாவிலிருந்து அக்காவும் அத்தானும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். காட்டுக்குள்ளேயே இரவு தங்க வேண்டும் என்பது அத்தானின் பிடிவாதம். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் பூங்காவுக்குள் சில பங்களாக்களை வாடகைக்கு விடுகிறது. அவற்றைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். வார இறுதி நாட்கள் உடனேயே நிரம்பிவிட்டன. எங்களுக்குக் கிடைத்தவை ஒரு செவ்வாயும் புதனும். பங்களாவை அறை அறையாகத் தருவதில்லை, முழுவதையும் ஒரே குழுவுக்குத்தான் கொடுப்பார்கள். ஆகவே இரண்டு பேர் போனால் அது ஆடம்பரம், பத்துப் பேர் கொண்ட குடும்பமாகப் போய்ப் பங்கிட்டுக்கொண்டால் விடுதி அறைகளைவிட மலிவு.

அந்தக் கணக்கில் நான் சேர்க்க மறந்தவை சில இருந்தன. எங்கள் வான் அந்த மணற்பாதையில் ஓடாது. நாற்சில்லு இழுவை வாகனம் வேண்டும். ஆகவே ஜீப்பை அரை நாளுக்கு அல்லாமல் இரண்டு நாட்களுக்கும் பேச வேண்டியிருந்தது, ஓட்டுநரின் சாப்பாடும் படுக்கையும் எங்கள் பொறுப்பாகின. வாடகைக்கு வெளியே ஆளுக்கு ஆள் நுழைவுக் கட்டணமும் உண்டு. வெளிநாட்டவருக்கு அது உள்ளூர்க் கட்டணத்தின் பல மடங்கு. இரட்டைக் குடியுரிமை பெற்று அடையாள அட்டையும் கையில் வைத்திருந்த அக்கா எங்களோடு சேர்ந்தார். கனடாக் கடவுச்சீட்டு மட்டுமே வைத்திருந்த அத்தானும் பிள்ளைகளும் வெளிநாட்டவர் வரிசைக்குப் போனார்கள். “நான் பிறந்தது முல்லைத்தீவு ஆசுபத்திரியிலயடா தம்பி” என்று அத்தான் என்னிடம் முறையிட்டார். சீட்டுக் கொடுப்பவரிடம் அதைச் சொல்வதில் பயன் இல்லை. வெளிநாட்டு உறவினரோடு திட்டமிடுபவர்கள் யாரிடம் என்ன ஆவணம் இருக்கிறது என்பதைப் பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்பது உறவுக்கு நல்லதல்ல.

அரிசி தொடக்கம் உப்பு வரை, குடிதண்ணீர் உட்பட, எல்லாவற்றையும் நாங்களே கொண்டுபோனோம். பங்களாக் காவலர் சமைத்துத் தருவார். திருவிழாக் காலத்தில் அம்மாவும் அக்காவும் விரதமாகையால் இரண்டு புதுச் சட்டிகளையும் அகப்பையையும் தனியாகக் கட்டி எடுத்தோம். அந்த முன்யோசனை மட்டும் என்னுடையது. சூரியசக்தி விளக்குகள் சில மணி நேரம் எரிந்தன; தொலைபேசி வேலை செய்யவில்லை. ஆறு மணிக்குப் பிறகு பங்களா வளவை விட்டு அசைய முடியாது என்பதால், இரவில் மருத்துவம் தேவைப்படக்கூடியவர்களை அங்கே அழைத்துப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அம்மாவின் சீனி வருத்தத்தை எண்ணி நானே இரண்டு மனமாக இருந்தேன். மருந்துகளை இரண்டு பைகளில் பிரித்து வைத்து, வாசலுக்குத் திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்று ஓட்டுநரிடம் கேட்டறிந்த பிறகே சம்மதித்தேன்.

பங்களா ஒரு வில்லின் கரையில் இருந்தது. எங்கள் வவுனிக்குளத்துக்கும் முத்தையன்கட்டுக்கும் கட்டும் துருசும் உண்டு, மாரியில் வான் பாயும். வில்லுக்கு அவை எவையும் இல்லை. தரையின் இயற்கைப் பள்ளத்தில் மழைநீர் தேங்கி, ஓகஸ்டில் வற்றி வற்றி நடுவில் ஒரு தட்டளவு தண்ணீராக நிற்கும், சுற்றிலும் புல்வெளி. அதனாலேயே வரட்சி மாதங்களில் விலங்குகள் தண்ணீருக்கு வெளியில் வந்தாக வேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் தேடிப் போகத் தேவையில்லை. மாலையில் புள்ளிமான் கூட்டமும், ஒரு மரையும், சேற்றில் புரளும் எருமைகளும் வந்தன. மற்ற மூன்று பயணங்களிலும் ஆறு மணி ஆனதும் வாசலை நோக்கி விரட்டிக்கொண்டு ஓடிய நாங்கள், அன்று அதே நேரத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

இரவு ஒன்பது மணியளவில் வில்லின் மறுகரையில் ஆட்காட்டிக் குருவி கத்தத் தொடங்கியது. பிள்ளைகள் அது என்ன சத்தம் என்று கேட்டார்கள். கதிரையில் சாய்ந்திருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, “ஆக்காட்டி கத்துது. ஆரோ நடக்கினம், சத்தம் போடாதையுங்கோ” என்றார். இடம்பெயர்ந்து காட்டோரம் படுத்த இரவுகளில் அவர் அப்படித்தான் சொல்வார். அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு ஒரு புள்ளிமான் கூர்மையாகக் குரல் கொடுத்தது, அதன் பின் எல்லாம் அடங்கிவிட்டது. விடிந்ததும் காவலர் எங்களைக் கூப்பிட்டு, வளவின் ஓரத்து ஈரமண்ணில் பதிந்திருந்த சிறுத்தையின் தடத்தைக் காட்டினார். அத்தான் அதைப் பல கோணங்களில் படம் பிடித்தார். அம்மா மெதுவாகக் குந்தியிருந்து, தடத்தின் பக்கத்தில் தன் உள்ளங்கையை விரித்து வைத்து அளந்து பார்த்துவிட்டு, தேத்தண்ணீர் ஆறுகிறது என்று உள்ளே போனார்.